கட்டியம் கேட்டுக் கவிழ்ந்த காவல்

முன்னொரு காலத்தில், கருவேல நாட்டை நீலகிரீவ பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசு எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது. அவரிடம் மந்திரி வேலை பார்த்துப் பார்த்து சிவக்கொழுந்துக்கு அலுத்தே போய்விட்டது.

அன்றைக்கும் பழைய பாட்டையே பாடினார். "மகாராஜா, ஆயுதக் கிடங்குக் காவலர்களுக்குக் கஞ்சிகூட ஒழுங்காகப் போவதில்லை. ஈட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊரைவிட்டே போகிறார்கள். புதிதாக ஆள் எடுக்க வேண்டும், பழக்க வேண்டும், வயிறாரச் சோறு போட வேண்டும்."

உத்தண்டராயர் சிரித்தார். காவலர்களைப் பழக்கும் பொறுப்பை வலியக் கேட்டு வாங்கியவர். மந்திரி பதவிமேலும் அவருக்கு ஒரு கண்.

"நான் பழக்காததா? பிரபுவின் பட்டங்களைக் கூவும் கட்டியம் காதில் விழுந்தால் போதும், கதவைத் திறந்துவிட்டு நெற்றி மண்ணில் பட விழுவார்கள். கட்டியம் ஓயும்வரை ஒருவனும் தலை தூக்கமாட்டான். கிடங்கில் ஓர் ஊசியாவது களவு போனதுண்டா? சும்மா நிற்பவனுக்கு எதற்குச் சோறு? பாதிப் பேரை அனுப்பிவிடலாம்."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "சிவக்கொழுந்து, நாளை சபை கூடுவதற்குள் கிடங்கிலிருந்து ஒரு வாளாவது களவாடி வாரும். முடியாவிட்டால் பாதிப் பேருக்கு வேலை கிடையாது."

மந்திரி காவலர்களை நினைத்துப் பார்த்தார். அத்தனை குடும்பமும் தெருவில் நிற்குமே! "இந்த வயசில் திருடவும் வேண்டியிருக்கிறது" என்று முணுமுணுத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை, திரை போட்ட பல்லக்கு ஒன்று கிடங்குக்கு வந்தது. உள்ளே ஆள் இல்லை. முன்னால் வந்தவர் தெருக்கூத்தில் கட்டியம் சொல்லுகிற பெருந்தொண்டைக்காரர். "ராஜாதி ராஜ, ராஜ கம்பீர!" என்று அவர் எடுத்ததும் கதவு திறந்தது, காவலர்கள் குப்புற விழுந்தார்கள்.

பல்லக்கின் பின்னால் வந்த சிவக்கொழுந்து கிடங்குக்குள் போய் வாளும் ஈட்டியுமாக அள்ளிப் பல்லக்கில் அடுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கூத்துக்காரர் ராஜாவின் பட்டங்கள் தீர்ந்துபோய், மாமனாருடைய பட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நிமிரவில்லை.

சபைக்கு வந்த பல்லக்கின் திரையை ராஜா விலக்கினார். வாள்கள் கலகலவென்று காலடியில் சரிந்தன.

"அந்தக் காவலர்களைச் சாட்டையால் அடியுங்கள்!" என்று கத்தினார் உத்தண்டராயர்.

"எதற்கு, ராயரே? நீர் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்தார்கள்" என்றார் மந்திரி சோர்ந்த குரலில். "வந்தவன் பகைவனாக இருந்தால், இந்த வாள் இந்நேரம் பிரபுவின் கழுத்தில் இருக்கும்."

ராஜா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "தப்பு என்னுடையதும்தான். என் பெருமையைக் கேட்க எனக்கே ஆசை. ஒருவரையும் அனுப்ப வேண்டாம். பவனிக்குச் செய்யும் செலவெல்லாம் இனி அவர்கள் சோற்றுக்கும் பயிற்சிக்கும் போகட்டும். நானே வந்தாலும் முகம் பார்த்துத்தான் விட வேண்டும். ராயர் ஒரு வருஷம் அவர்களோடு வெயிலில் நிற்கட்டும். உமக்கு என்ன வேண்டும், மந்திரியாரே?"

"உட்கார ஓர் ஆசனம், மகாராஜா. கால் வலிக்கிறது."

சில நாள் கழித்து ராஜா கிடங்குக்குப் போனார். வாசலில் ஓர் ஈட்டி குறுக்கே வந்தது.

"பல்லக்கை இறக்குங்க. முகத்தைக் காட்டுங்க."

ராஜாவின் மீசை துடித்தது. பிறகு இறங்கி, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் முகத்தைக் காட்டினார்.

காவலர் அவசரமே இல்லாமல் பார்த்தார்.