சிவப்பு மையில் ஒரு ‘ஹேட்’

சனிக்கிழமை யாரோ திறந்து விட்டுப்போன குழாயால், திங்களன்று கெமிஸ்ட்ரி லேபுக்குக் கீழிருந்த கம்ப்யூட்டர் அறை குளமாகிக் கிடந்தது. பழி லேப் உதவியாளர் அமலோற்பவத்தின் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். அதிலும் துணை முதல்வர் தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான் கடிதம் தாளாளர் அம்மாவிடம் போகும்.

தணிகாசலம் ஆங்கில வாத்தியார். கமா சரியில்லை, ஸ்பெல்லிங் சரியில்லை என்று நான்கு முறை கடிதத்தைத் திருப்பிவிட்டார். ஐந்தாவது முறை மாடிப்படி ஏறும்போது அமலோற்பவத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“ரெண்டு வேலைக்கும் சாதா பாஸ்ட் டென்ஸா? எது முதல்ல நடந்துச்சோ அதுக்கு ‘ஹேட்’ போடணும்னு ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமேம்மா!”

“எனக்கு அது பிடிபடவே மாட்டேங்குது சார். நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க.”

அவர் சிவப்பு மையில் ‘ஹேட்’ போட்டு, பக்கத்திலேயே பெருமையாகக் கையெழுத்தும் போட்டார்.

தாளாளர் அம்மா இருவரையும் நிற்கவைத்து, கடிதத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தார். “‘நான் குழாயை மூடியிருந்தேன். அதன்பிறகு துணை முதல்வர், டிபன் கேரியர் கழுவ வேண்டுமென்று லேப் சாவியை வாங்கிக்கொண்டார்.’ நீங்க அந்தப் பக்கமே போகலைன்னீங்களே சார்?”

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். “இதை எப்ப எழுதினே?”

“முதல் தடவையே எழுதினதுதான் சார். அஞ்சு தடவை திருத்தினீங்களே, படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

தாளாளர் அம்மா அவளை லேபுக்குப் போகச் சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்.