ராஜா நாக்கில் ஒரு பிழை

வெள்ளைக்காரக் கப்பல்கள் மிளகுக்காக வந்து போய்க்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் தில்லைநாயகத்தை வாத்தியாராக வைத்துக்கொண்டார்.

இரண்டே இரண்டு சொற்கள் ராஜாவைப் பாடாய்ப் படுத்தின. கொண்டு வர 'பிரிங்', கொண்டு போக 'டேக்'. ராஜாவோ நிறைந்த சபையில் வெற்றிலைத் தட்டைத் தம்மிடம் கொண்டு வரச் சொல்லி, "டேக்!" என்று கர்ஜித்தார். தில்லைநாயகத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிரிங், மகாராஜா" என்று திருத்திவிட்டார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளை வெள்ளைக்காரத் தூதர் வருகிறார். அதற்குள் இந்தப் பிழை என் நாக்கை விட்டுப் போக வேண்டும். ஆனால் இனி ஒருவரும் என்னைத் திருத்தக் கூடாது! தவறினால் வாத்தியாருக்குச் சிறை."

தளவாய் வீரபாகுவுக்கு விகடகவி வெள்ளியம்பலத்தைக் கண்டாலே வயிறு எரியும். "இதற்கு நம் விகடகவிதானே பொருத்தம், மகாராஜா? முடியாவிட்டால் சிறையில் வாத்தியாருக்குத் துணையாக இருக்கட்டுமே" என்று கோத்துவிட்டார்.

வெள்ளியம்பலம் தில்லைநாயகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தார். "மகாராஜா பேசுவதே இங்கிலீஷ். தாங்கள் சொல்வது போலவே நாளை சபையோர் எல்லோரும் சொல்ல வேண்டும். உத்தரவு கிடைக்குமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது, உத்தரவும் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தளவாய் "டேக், டேக்" என்று வாத்து போல் உருப்போட்டார்.

மறுநாள் தூதர் வந்து தொப்பியைக் கழற்றி வணங்கினார். ராஜா வாயைத் திறக்குமுன் வீரபாகு முந்திக்கொண்டார். மீசையை முறுக்கி, தூதருக்காகச் சுவரோரம் வைத்திருந்த நாற்காலியைக் காட்டி, சேவகர்களிடம் "டேக்! டேக்!" என்று முழங்கினார். உட்கார வந்த தூதர் திருதிருவென விழித்தார்.

ராஜா குபீரென்று சிரித்துவிட்டார். "அடே வீரபாகு! விருந்தாளியின் நாற்காலியைக் கொண்டு போகவா சொல்கிறாய்? பிரிங் ஐயா, பிரிங்!"

சரியான சொல் தம் வாயிலிருந்தே வந்ததை உணர்ந்து ராஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மகாராஜா, தங்களை யாரும் திருத்தவில்லை" என்றார் வெள்ளியம்பலம். "நம் வாயிலுள்ள பிழை நமக்குக் கேட்பதில்லை. அதனால் அதை இடம் மாற்றினேன். இப்போது தளவாய் நாக்கில் குடியிருக்கிறது. வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் தங்களிடமே பத்திரமாக இருந்திருக்கிறது."

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். தில்லைநாயகத்துக்குச் சிறை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்திடம் நீட்டினார். "டேக்!"

வெள்ளியம்பலம் கை நீட்டவில்லை. வாத்தியாரை ஓரக்கண்ணால் பார்த்தார். தில்லைநாயகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிதான் என்று தலையாட்டினார். அதன் பிறகே மாலையை வாங்கிக்கொண்டார்.