ஐந்தாவது காலி நாற்காலி

இதை எனக்கு முதலில் சொன்னவர் எஸ்தர். எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தின் போக்கர் மேசையில் சீட்டுப் போடும் பணி செய்தவர்.

“இது அநியாயம், அம்மா!”

புருஷோத்தமன் தொப்பியை நஸ்ரின் வீட்டு மேசைமேல் வீசினார். முப்பத்தோராண்டுகள் ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆட்டம் கற்பித்த நஸ்ரின், அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

“உட்காருங்கள், ஐயா.”

“உட்கார்ந்து உட்கார்ந்துதான் இந்த நிலை! நாளை நண்பகலில் பந்தயச் சில்லு பத்தாயிரத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கே மன்றத்தின் அணியில் இடம். எனக்கு அது போய்விடும் போலிருக்கிறது.”

“நடந்ததைச் சொல்லுங்கள்.”

“ஒன்பது நாற்காலி. ஆளுக்குப் பத்தாயிரம். நான் கால் மணி முன்னதாகவே போய்விட்டேன். நான்கு பேர் வரவேயில்லை!”

“அவர்களுடைய சில்லுகள்?”

“மேசைமேல் இருக்கின்றன. ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்து முந்நூறும் அறுநூறும் வைக்க வேண்டும் அல்லவா? வராதவர் முறை வந்தால், எஸ்தரே அவர் குவியலிலிருந்து எடுத்து வைக்கிறார். உடனே அந்தப் பல் டாக்டர் வில்பிரட் தொகையை உயர்த்துகிறார். நாங்கள் விலகுகிறோம். ஆளில்லாத வீட்டில் புகுந்தவர் போல அள்ளிக்கொள்கிறார்! கையில் இருப்பதோ குப்பைச் சீட்டு!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காட்டிவிட்டுச் சிரிக்கிறார், அம்மா!”

“நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“நீங்கள் சொன்னபடிதான். எட்டுப் பேரை எதிர்க்கத் தகுந்த சீட்டுக்குக் காத்திருந்தேன். ஏழு சுற்று. வரவில்லை.”

“எட்டுப் பேரையா?”

“ஒன்பது நாற்காலி என்றேனே!”

நஸ்ரின் ஒரு தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“வராத ஒருவரிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது?”

அவர் கணக்கிட்டார். முறை ஒன்பது நாற்காலியையும் சுற்றி வந்தால் ஆளுக்குத் தொள்ளாயிரம் போகும்; ஏழு சுற்று.

“மூவாயிரத்து எழுநூறு.”

“உங்களிடம்?”

“அதைத்தானே சொல்ல வந்தேன்! மூவாயிரத்து எழுநூறு! நேரத்துக்கு வந்த எனக்கும், வீட்டில் படுத்துக் கிடப்பவனுக்கும் ஒரே அளவு! இது நீதியா?”

“அந்த மேசைக்கு எத்தனை பேர் வரவில்லை, ஐயா?”

“நான்கு பேர்.”

“மறுபடி எண்ணுங்கள்.”

புருஷோத்தமன் நான்கு விரல்களை மடக்கினார்.

ஐந்தாவதையும் மடக்கினார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாளும் அந்த நான்கு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எஸ்தர் வராத இருவரின் குவியல்களிலிருந்து முந்நூறையும் அறுநூறையும் எடுத்து நடுவில் வைத்தார்.

“உயர்த்துகிறேன்,” என்றார் புருஷோத்தமன்.

டாக்டர் வில்பிரட் நிமிர்ந்து பார்த்தார். விலகினார். மற்றவர்களும் விலகினர்.

அடுத்த ஆட்டத்திலும் அதே குரல். அதற்கடுத்த ஆட்டத்திலும்.

மூன்றாம் சுற்றில் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சார் இது! வராதவர்களுடைய சில்லுகளை இப்படி வாரிக்கொள்கிறீர்களே, நியாயமா?”

“நீங்கள் வந்திருக்கிறீர்களே, டாக்டர். தடுங்கள்.”

டாக்டர் தம் சீட்டுகளைப் பார்த்தார். புருஷோத்தமனின் முகத்தைப் பார்த்தார். சீட்டுகளைக் கவிழ்த்தார்.

“கையில் என்னதான் வைத்திருந்தீர்கள்? அதையாவது காட்டுங்கள்.”

புருஷோத்தமன் காட்டவில்லை.

நண்பகல் மணி அடித்தது. எஸ்தர் அவருடைய குவியலை இருமுறை எண்ணினார்: சரியாகப் பத்தாயிரம். முந்தைய நாள் அவர் இழந்தது முழுவதும் திரும்ப வந்திருந்தது: ஆறாயிரத்து முந்நூறு.