அமைதியான இடம்

ரயில் பாதையை ஒட்டிய பதினேழு வீடுகளை இடித்துவிட்டுக் கலையரங்கம் கட்ட எங்கள் நகராட்சித் தலைவர் துடித்தார். இடத்தை ஆய்வு செய்ய வந்த அதிகாரியிடம், ‘அமைதியான, ஏற்ற இடம்’ என்று எழுதிய அறிக்கையை நீட்டினார்.

“அதை வாசிச்சுக் காட்டுங்க தலைவரே. சரியா இருந்தா நானே முதல்ல காலி பண்றேன்” என்றாள் அந்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்து இஸ்திரி போடும் அஞ்சலாட்சி.

“வாசிச்சா மட்டும் உனக்குப் புரிஞ்சிடுமா?” என்று சிரித்தபடி தலைவர் தொடங்கினார். மின்சார ரயில் வந்தது. தொண்டை கிழியக் கத்தினார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மறுபடி தொடங்கினார். எதிர்ப்பக்க ரயில் வந்தது.

“முப்பது வருஷமா ரயில் போனப்புறம்தான் நாங்க மிச்சப் பேச்சைப் பேசுறோம். பாட வர்றவங்க பாதிப் பாட்டுல நிறுத்துவாங்களா? எங்க வீட்டை இடிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, இங்க ஒரு நிமிஷம் நின்னு கேக்கத் தெரியலையே” என்றாள் அஞ்சலாட்சி.

அதிகாரி அறிக்கையை வாங்கி, ‘இடம் தகுதியற்றது’ என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டார்.