பறவையின் வால்

வான் என்னும் ஏரியின் கரையில், அந்தச் சீமையை ஆண்ட அமீர் ஐதெமிர் உயிரோடு இருக்கும்போதே தமக்கு ஒரு கல்லறை மாடம் கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பக்கம், கூடாரம்போல் கூம்பிய கூரை, சுற்றிலும் சிவந்த கல்லில் செதுக்கிய கொடிகளும் பறவைகளும்.

வேலை தலைமைச் சிற்பி தாவூத் உஸ்தாதுடையது. அது முடிந்ததும் சீடன் இலியாஸும் ஓர் உஸ்தாத் ஆகிவிடுவான். எர்சிஞ்சான் ஊரில் ஒரு மாடம் கட்டும் வேலை அவனுக்காகவே காத்திருந்தது. ஆனால் முடிந்தால்தானே? முடியப்போகிற சமயம் பார்த்து அமீர் குதிரையில் வந்து இறங்கிவிடுவார். கொடியில் இன்னும் ஓர் இலை வேண்டும் என்பார். போன தடவை ஒரு பறவையின் வால் சரியில்லை என்றார். உஸ்தாதும் சரி சரி என்று தலையாட்டுவார். இலியாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது வாசலுக்கு மேலே ஒரே ஒரு நட்சத்திரம் பாக்கி.

"இன்றைக்கு வந்து என்ன குறை சொல்லப்போகிறாரோ," என்றான். "அவருக்கு என்னதான் வேண்டுமாம், உஸ்தாத்?"

உஸ்தாத் சந்தைக்குப் போய்ப் பெரிய தர்பூசணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அமீர் வந்தார். வழக்கம்போல் சுவரைத் தடவித் தடவிக் குறை தேடினார். வெயிலாக இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்று உஸ்தாத் அழைத்ததும் அமீரின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளில் அமீர் அந்த வாசற்படியைத் தாண்டியதே இல்லை என்பது இலியாஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உள்ளேயா? அதற்குள்ளாகவா?"

"பழம் சாப்பிடத்தான்."

அமீர் தயங்கித் தயங்கிப் படியேறினார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வாசல் வழியே ஏரி முழுக்கத் தெரிந்தது. மூன்று துண்டு தின்றார், தாடியெல்லாம் சாறு. ஒரு விதையை வெளியே துப்பிப் பார்த்தார். அது வெகுதூரம் போய் விழுந்ததில் மனிதருக்கு ஒரே சந்தோஷம். தம்முடைய கல்லறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த நட்சத்திரத்தைச் செதுக்கிவிடுங்கள்," என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

உஸ்தாத் உளியை இலியாஸிடம் நீட்டினார். "நீயே முடி. நாளைக்கே நீ எர்சிஞ்சானுக்குக் கிளம்பலாம். அங்கே நீதான் உஸ்தாத்."

இலியாஸ் ஏணியில் ஏறினான். நட்சத்திரத்தைப் பார்த்தான். எர்சிஞ்சானில் சந்தேகம் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்ததும் உளியைத் தாழ்த்தினான். மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"உஸ்தாத், அந்தப் பறவையின் வாலை மட்டும் கொஞ்சம் சரிசெய்துவிட்டு..."

உஸ்தாத் மிச்சமிருந்த தர்பூசணியில் ஒரு துண்டு வெட்டினார்.

"இறங்கு. உள்ளே வந்து உட்கார்."