மிஷினின் வாய் எவ்வளவு உயரம்

"எது நல்ல மிஷின்னு ஒரே வார்த்தைல சொல்லிருங்க அம்மணி. கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார் சென்னியப்பன்.

"எதுக்கு நல்ல மிஷின்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"செவுத்துல பூச்சு அடிக்கறதுக்குத்தான்."

"செவுத்துக்கு எல்லா மிஷினும் நல்ல மிஷின்தானுங்ணா."

சொல்லிவிட்டு அவள் மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடம் கரணை பிடித்தவர், பெருந்துறைப் பக்கம் சின்னதாக ஒரு பூச்சு வேலைக் கம்பெனி வைத்திருப்பவர். இவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

ஆனால் கலவை அடிக்கிற மிஷின் என்றால் அந்தப் பக்கம் எல்லோரும் இவள் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். விற்பதும் அவள்தான், ரிப்பேர் பார்ப்பதும் அவள்தான். வருவார்கள், கோணலாக ஒரு பதிலை வாங்கிக்கொள்வார்கள், திட்டிக்கொண்டே போவார்கள், அடுத்த வாரம் திரும்பி வருவார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர். அவள் காவியெல்லாம் கட்டியதில்லை, கிரீஸ் பட்ட நீலச் சட்டைதான்.

சென்னியப்பனுக்கு இந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை. அன்று வியாழக்கிழமை.

"திங்கக்கிழமை மிஷினோட வந்து நின்னாத்தான் பள்ளிக்கூட வேலை எனக்குன்னு இஞ்சினியர் சொல்லிட்டாரு. மூணு மாடிக் கட்டடம். அது போச்சுன்னா என்ற கொத்தனாருங்க வேற மேஸ்திரிகிட்டப் போயிருவாங்க. கம்பெனியே இருக்காது."

"அப்பத் தப்பா வாங்கக் கூடாதுங்க."

"அதுக்குத்தான கேக்கறேன்!"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மூன்று மாதமாக அலைந்து எழுதியது.

"செவப்பு, மணிக்கு ஆயிரம் சதுரடி. மஞ்சள், எழுநூறு. நீலம், நானூறு. மோட்டாரு, ஹோஸ் நீளம், எடை, எல்லாம் இதுல இருக்குது. நான் செவப்புன்னு முடிவு பண்ணிட்டேன். சரியா, தப்பா?"

வசந்தாமணி நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிறகு அதைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மணல் ஏதாச்சும் விழுதான்னு பாத்தனுங்ணா. ஒண்ணும் விழுகலை."

சென்னியப்பன் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்க கம்பெனில எத்தன ஆளு?" என்று கேட்டாள்.

"நாலு ஆளு."

"மொத்தமே நாலு பேருதானா?"

"கொத்தனாருங்க நாலு பேரு. பொறகு சித்தாளுங்க மூணு பொம்பளைங்க இருந்தாங்க. ஆளுன்னு எண்ணுனா நாலுதானுங்க."

சித்தாள் என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அந்தத் தொழிலில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. சென்னியப்பனின் அப்பா எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

"இருந்தாங்களா?"

"மிஷின் வருதில்லீங்க. இனிக் கலவை சொமக்க என்ன இருக்குது? போன சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஒரு லோடு மணலும் சிமிட்டியும் கொண்டாந்து எறக்குங்க. ஷெட்டுக்குப் பின்னால செங்கச் செவுரு சும்மாத்தான் நிக்குது. மூணு மிஷினையும் ஓட்டிப் பாருங்க. ஆளுங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க."

"எல்லாத்தையும்."

"அதான் சரின்னனே."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாலு கொத்தனார்களோடு வந்து இறங்கினார் சென்னியப்பன்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்றாள் வசந்தாமணி.

"வந்தாச்சு."

அவள் கேட்டுக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

முதலில் சிவப்பு. துரைசாமி என்ற கொத்தனார், ஹோஸ் நுனியில் கலவையைப் பீய்ச்சுகிற கன்னைப் பிடித்தார். அடடா, அதை என்னவென்று சொல்வது! பத்து நிமிடத்தில் பாதிச் சுவர் நிறைந்துவிட்டது. சென்னியப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தானே அந்த மிஷினைப் பெற்றவர் மாதிரி நின்றார்.

பதினோராவது நிமிடம் கன் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. ஹோஸ் மட்டும் விறைத்துக்கொண்டு கிடந்தது.

கழற்றி, அடித்து, கழுவி, அடைப்பை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்தது மஞ்சள். இந்தத் தடவை கலவை சுவரில் ஒட்டாமல் பாலாக வழிந்தது.

"தண்ணி சாஸ்தி" என்றார் துரைசாமி.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொத்தனார் ஆன நாளிலிருந்து அவர்கள் கலவை போட்டதே இல்லை. "கலவை!" என்று கத்துவார்கள், கலவை வரும். அது எப்படி வருகிறது என்று விசாரித்ததில்லை.

நீலத்தை எடுக்கும்போது வெயில் ஏறிவிட்டது. அது சின்ன மிஷின், அடக்கமாக ஓடியது. ஆனால் கலவைச் சட்டி தூக்கித் தூக்கி இரண்டு கொத்தனார்களுக்கு முதுகு விட்டுப்போய், நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே கலவை கொட்டுகிற வாய் காலியாகி மிஷின் காற்றைக் குடித்தது. கன் புஸ்ஸென்று துப்பியது. வசந்தாமணி ஓடிப் போய் சுவிட்சை நிறுத்தினாள்.

"காத்தைக் குடிச்சு ஓடுனா உள்ள இருக்கற ரப்பரு தேஞ்சு போயிருமுங்ணா. அப்பறம் மிஷினு பழைய இரும்புதான்."

"மூணுமே வேஸ்ட்டு!" என்றார் சென்னியப்பன். "மூணு மாசம் அலைஞ்சு, கடைசில மூணுமே வேஸ்ட்டு! இதுல எதைக் கொண்டுட்டுப் போய் நான் திங்கக்கிழமை நிக்கறது?"

வசந்தாமணி சிவப்பு மிஷினின் ஹோஸிலிருந்து எடுத்த எதையோ அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒரு கல். கடலை அளவுதான் இருக்கும்.

"இது எங்கிருந்து வந்துதுங்ணா?"

"மணல்ல இருந்து."

"சலிக்கலீங்களா?"

"சலிக்கறது சித்தாளுங்க வேலை."

"தண்ணி அளவு?"

"அதுவும் அவங்கதான்."

"மிஷினுக்கு வாய் நெறையாம இருந்தா, நெறைக்கறது யாரு?"

சென்னியப்பன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

சித்தாள் மாராத்தாள் தன் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் அவரிடம் வேலை பார்த்தவள். மற்ற இரண்டு பெண்களையும் வேலைக்குக் கூட்டிவந்தது அவள்தான்.

"வாங்க மேஸ்திரி. மிஷின் ஓடுதுங்களா?"

"ஓட மாட்டேங்குது."

மாராத்தாள் சிரித்தாள். மரியாதைக்குக்கூட அடக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

"நாளைக்கு ஒரு நாளு வந்து பாரு மாராத்தா."

"வேலைக்கா, பாக்கறதுக்கா?"

"மொதல்ல வந்து பாரு."

"பாக்கறதுக்கு வாரேன்" என்றாள் அவள். கையைக்கூடத் துடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாராத்தாள் ஷெட்டுக்கு வந்தாள். கன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் எத்தனை எச்பி என்று கேட்கவில்லை. ஒரு சட்டி நிறைய மணலை வாரிக்கொண்டு நேராகச் சிவப்பு மிஷினிடம் போனாள்.

அதன் வாய் அவள் நெஞ்சுக்கு வந்தது. தூக்கிப் பார்த்தாள். இறக்கிவிட்டாள்.

மஞ்சள் மிஷினுக்கு வாய் தோளுக்கு வந்தது. சட்டியைத் தூக்கவே இல்லை.

நீல மிஷினுக்கு இடுப்பு உயரம்தான். இடுப்பிலிருந்த சட்டியைச் சும்மா சாய்த்தாள், மணல் தானாக உள்ளே போயிற்று.

"ஒரு நாளைக்கு எத்தன சட்டி குடிக்கும் இது?" என்று வசந்தாமணியைக் கேட்டாள்.

"முந்நூறு."

"வாய்க்கு மேல இருக்கற இந்தக் கம்பிச் சல்லடை, கழட்டறதா?"

"கழட்டறதுதான். ரெண்டு கொண்டி. தட்டுனா வந்துரும்."

"வேலை முடிஞ்சு கழுவறதுக்கு?"

"அரை மணி நேரம். மத்ததுக்கு ஒண்ணரை."

"செரி, இது."

சென்னியப்பன் வசந்தாமணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நேராகப் பதில் சொல்லி அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"என்ற கேள்விக்கு மட்டும் ஏனுங்க பதிலே வரலை?"

"நீங்க கேட்டது செவுத்துக்குங்ணா."

"ஆனா இது மணிக்கு நானூறு சதுரடிதான?" அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "செவப்பு ஆயிரம்."

"நேத்து செவப்பு எத்தன அடிச்சுது மேஸ்திரி?" என்றாள் மாராத்தாள்.

அவர் நோட்டை எடுக்கவில்லை.

மாராத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள். மணலைச் சலித்தாள். சிமிட்டியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள். கலவை மிஷினுக்குள் போயிற்று.

நீல மிஷின் ஓடியது. எட்டரைக்கு ஆரம்பித்து ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று, ஒரு இருமல்கூட இல்லை. துரைசாமி அடித்துக்கொண்டே போனார். பின்னாலேயே மூன்று கொத்தனார்களும் மட்டம் இழுத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள்.

பத்து மணிக்கு அவர்களில் ஒருவர் திரும்பிக் கத்தினார். "கொஞ்சம் மெதுவா விடச் சொல்லுங்க மேஸ்திரி! எங்க கைக்கு ஆவ மாட்டேங்குது!"

சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் கையில் வந்துவிட்டது. மூன்று மாடியும் பூசி முடித்துச் சுண்ணாம்பு அடித்தது வரை மனசுக்குள் பார்த்துவிட்டார்.

"திங்கக்கிழமையிருந்து வேலைக்கு வந்துரு மாராத்தா" என்றார் உற்சாகமாக.

"நாங்க மூணு பேரும்ங்களா?"

"ஒருத்தி போதுமே. நீ ஒருத்தியே எப்பிடிப் போடறே பாரு!"

மாராத்தாள் கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். அதைத் தரையில் வைத்தாள். மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன உக்காந்துட்டே?"

"பாக்கறதுக்குன்னுதானுங்க வந்தேன். பாத்தாச்சு."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் கலவை பாதிக்கு இறங்கியது.

"மாராத்தா, வெளையாடாதே."

"முந்நூறு சட்டிங்க. ஒருத்தி எத்தன நாளைக்குத் தூக்குவா? சலிக்க ஒருத்தி, கலக்க ஒருத்தி, போட ஒருத்தி. இல்லீன்னா நேத்து மாதிரித்தான்."

கலவை கால்வாசிக்கு இறங்கியது. சுவரிலிருந்து துரைசாமி திரும்பாமலே கத்தினார். "கலவை!"

யாரும் போகவில்லை.

சென்னியப்பன் வசந்தாமணியைப் பார்த்தார். ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது அவருக்கு. கோணலாகவாவது ஒன்று.

வசந்தாமணி சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"காத்தைக் குடிக்கப் போகுதுங்ணா. நிறுத்தட்டுங்களா?"

மிஷினின் வாய்க்குள் அடித்தகடு தெரிய ஆரம்பித்தது.

"நிறுத்தாதீங்க" என்றார் சென்னியப்பன். மாராத்தாளிடம் திரும்பினார். "சரி. மூணு பேரும் வாங்க."

மாராத்தாள் எழுந்து சட்டியைக் கையில் எடுத்தாள். ஆனால் நகரவில்லை.

"மிஷினு சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க மேஸ்திரி."

சென்னியப்பன் இரண்டு கையையும் வாயருகே குவித்தார். சுவரில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"மூணு பேரும் வாங்க! இனி என்ற கம்பெனில ஏழு ஆளு!"