மாராத்தாள் அம்மையார் சோல் வாங்கிய கதை

கொடுமுடியில் காவிரிக்கரையை ஒட்டிய கல்யாண மண்டபம் ஒன்றில் அண்டா கழுவி வந்தவர் மாராத்தாள் அம்மையார். முகூர்த்த நாளென்றால் பொழுது விடியும்முன் போய்விடுவார். கடைசிப் பந்தி இலை எடுத்த பிறகும் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருப்பார். ஒவ்வோர் அண்டாவையும் கழுவிக் கவிழ்க்கும்போது "முருகா" என்பார். "அம்மிணி, ஒரு முருகா கொறையுதுங்! அண்டா எங்கியோ கெடக்குது பாருங்" என்று சமையல்காரர்கள் கேலி செய்வார்கள். அம்மையார் கோபிக்காமல் போய்த் தேடுவார். பல நாள் அண்டா கிடைக்கவும் செய்தது.

ஒரு தை மாதம், சோறு வடித்த கொதிகஞ்சி தவறி அவருடைய வலது பாதத்தில் கொட்டியது. சமையல்காரர் அலறினார், பரிமாறுகிறவர்கள் அலறினார்கள். அம்மையார் மட்டும் நின்றபடி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னுங் சத்தம்?" என்று திரும்பியவர், பாதம் கொப்பளித்திருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே உட்கார்ந்தார். சர்க்கரை நோய் அவருடைய இரு கால்களின் உணர்வையும் தின்று முடித்திருந்தது. இதை எங்கள் தெரு அன்றைக்கே அறிந்துகொண்டது. எங்கள் தெருவுக்குத் தெரியாமல் கொடுமுடியில் எதுவும் வேகமாட்டாது.

அம்மையாருக்கு ஒரே மகன், சென்னியப்பன். இருபத்தாறு வயதில் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தான். "இவன் எந்திரிச்சு நடந்தான்னா, பங்குனி உத்திரத்துக்குக் காவேரித் தீர்த்தம் எடுத்துட்டுப் பழனிக்கு நடந்தே வாரேன்" என்று அம்மையார் வேண்டிக்கொண்டார். அவன் எழவில்லை. ஐப்பசியில் ஒரு மழைநாளில் போய்விட்டான். துக்க வருஷம் என்பதால் அடுத்த பங்குனியில் அம்மையார் மலைப்பக்கம் திரும்பவில்லை. அதற்கடுத்த பங்குனி நெருங்கியதும், நடக்கப்போகிறேன் என்றார்.

சொல்லக்கூடாதுதான், ஆனாலும் தெரு சிரித்தது. எதிர்வீட்டுக் குப்பாயி அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"ஏம்புள்ள, கேட்டதைத்தான் அவன் குடுக்கலியே. பொறவு என்னத்துக்கு நடக்கறே?"

"நடக்கறேன்னு சொல்லிப்போட்டேனுங்க்கா."

"பையன் எந்திரிச்சாத்தானே நடக்கறேன்னே?"

அம்மையார் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் அந்த முருகன் சேதிங்க்கா. நடக்கறது என் சேதி" என்றார்.

மருத்துவரோ வேறு கணக்குச் சொன்னார். கஞ்சி பட்ட புண் ஆறியிருந்ததே தவிர, தோல் காகிதம் போலத்தான் இருந்தது. வெறுங்காலோடு நூறு கிலோமீட்டர் நடந்தால், காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கால் போனால் மண்டபம் போகும். மண்டபம் போனால் சோறு போகும். அம்மையாருக்கு வேறு நாதி கிடையாது. ஆகவே தீர்த்தக் காவடிக் கூட்டத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்தார். ஷூ போட்டுக்கொண்டு நடப்பதென்று முடிவெடுத்தார்.

ஷூ ஒன்றை யாரோ கொடுத்துவிட்டார்கள். உள்ளே போடும் சோல்தான் பெரும்பாடானது. முதலில் மண்டபத்துப் பழைய சோபாவின் ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டார். அரை நாளில் அப்பளமாகிவிட்டது. பிறகு காலண்டர் அட்டை. அண்டா கழுவிய தண்ணீரில் அது கூழானது. கடைத்தெருவில் மெத்தை மாதிரி ஒரு ஜோடி வாங்கினார். எங்கள் தெருவே கைவிட்டு அமுக்கிப் பார்த்து, "பூப்போல இருக்குது" என்று ஆசீர்வதித்தது. அதைப் போட்டு வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நடந்ததில் குதிகால் இரண்டு பக்கமும் சரிந்து, கணுக்கால் வீங்கியது.

கடைசியில் ஈரோட்டில், சர்க்கரை நோயாளிகளுக்கென்று செருப்புத் தைக்கும் ஆரோக்கியராஜிடம் போனார். அவர் வேளாங்கண்ணிக்குப் பல தடவை நடந்தவர். பாதத்தை நனைத்துச் சிமெண்டுத் தரையில் அம்மையாரை நிற்கச் சொன்னார். தரையில் விழுந்த தடத்தில் நடுவளைவே இல்லை. செங்கல் வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

"பூப்போல இருக்கறதெல்லாம் கடையில அமுக்கிப் பாக்கத்தாம்மா நல்லாருக்கும். பத்து மைல்ல பாதம் பள்ளத்துல உக்காந்துரும். கட்டைவிரல்ல அமுக்குங்க. அமுங்கணும், உடனே எந்திரிச்சிரணும். குதிகால் குழியில உக்காரணும், நடுவுல மேடு தாங்கணும். உள்ள இருக்கற பழசை எடுத்துட்டுத்தான் இதைப் போடணும், மேல மேல அடுக்கக்கூடாது. பத்து நாள் வீட்டுக்குள்ளயே நடந்து பாருங்க. செவப்பா எங்கயாச்சும் தெரிஞ்சா கொண்டாங்க, தேச்சுத் தர்றேன்."

"சரிங்."

"முக்கியமானது ஒண்ணு. போடறதுக்கு முன்னால கைய விட்டுத் தடவணும். கல்லு இருந்தாலும் ஆணி இருந்தாலும் உங்க காலு சொல்லாது. கைதான் சொல்லணும்."

அன்று முதல் அம்மையார் குளித்து, திருநீறு பூசி, ஷூவுக்குள் கைவிட்டு நுனியிலிருந்து குதிகால் வரை தடவி, "முருகா" என்று சொல்லித்தான் காலை நுழைத்தார். செருப்புக்குப் பூசை நடக்கிறதென்று தெரு பேசியது. வேலியோரம் நின்று பார்க்கவும் பார்த்தது.

பங்குனியில் காவிரியில் முழுகித் தீர்த்தம் மொண்டபோது வில்லங்கம் வந்தது. கூட்டத்தின் குருசாமி பொங்கியண்ணன், முப்பது வருஷம் வெறுங்காலில் நடந்தவர். அம்மையாரின் காலைப் பார்த்தார்.

"தீர்த்தச் சொம்பு தொட்டவங்க காலுல செருப்பு ஆகாதுங். ஒண்ணு அதைக் கழட்டு. இல்லாட்டி சொம்பை வையி."

அம்மையார் வெகுநேரம் சொம்பைப் பார்த்தார். பிறகு அதைக் குருசாமியின் காலடியில் வைத்துவிட்டு, "நீங்களே கொண்டாங்க சாமி. நான் பின்னால வாரேன்" என்றார்.

அப்படியே நடந்தார். காவடிகள் ஆடிப் போக, மேளம் போக, எங்கள் தெருவார் போக, ஐம்பது அடி விட்டு, தனியாக, வெள்ளை ஷூவில் அம்மையார். வழியில் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர்கள், "வாக்கிங்குங்களா அம்மா?" என்று கேட்டார்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மூலனூர் தாண்டிய ஒரு மத்தியானத்தில், மனம் கேட்காமல் (வம்பு கேட்காமலும்தான்) குப்பாயி அக்காவும் நாங்கள் சிலரும் அவரோடு சற்றுப் பின்தங்கி நடந்தபோது, வேண்டுதலைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மையார் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அவன் கேக்கறானான்னே தெரீலீங்க்கா. எம்பட காலு மாதிரித்தான். வெக்கறேன், கீழ தரை இருக்குதா இல்லியான்னே தெரியமாட்டேங்குது. ஆனா விழுகாம நடக்கறேன். அப்ப இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

  பத்தடி நடந்தபின், "இருந்தா ஒருக்கா சொல்லலாம்" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தோம். அழவில்லை. அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

தாராபுரம் தாண்டிய மறுநாள் தார் உருகியது. குருசாமியின் இரு பாதங்களிலும் கொப்புளம் உடைந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஏற்றலாம் என்றார்கள், ஏறமாட்டேன் என்றார். செருப்பைக் கொடுத்தார்கள், தொடமாட்டேன் என்றார். முப்பது வருஷத்துப் பேர் அந்த மரத்தடியில் முடியும் போலிருந்தது. மரியாதைக்குரிய அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மையார் ஐம்பது அடியைக் கடந்து வந்தார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, இரண்டு சோலையும் உருவி எடுத்தார். தம் சேலைத் தலைப்பைக் கிழித்தார்.

"இது செருப்பில்லீங் சாமி. வாரில்ல, மேல்தோலில்ல. காலுக்குக் கட்டுப் போடறமுங், அவ்வளவுதான்."

அங்கே ஒரு தர்க்கம் நடந்தது பாருங்கள், அதை மறக்க முடியாது. வார் இல்லாதது செருப்பாகுமா? உள்ளே கிடப்பது செருப்பா, செருப்பின் பாயா? நாலைந்து பேர் சத்தமாக வாதாடினார்கள். குருசாமி துண்டை விலக்கி, "கட்டும்மா" என்று ஒரே சொல் சொன்னதும் வாதம் முடிந்தது.

"உனக்கு?" என்று கேட்டோம்.

"எனக்கென்னுங், வலிக்கவா போவுது?" என்று வெறும் கூடாகிப்போன ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டார். அவசரத்தில் கைவிட்டுத் தடவ மறந்தார். பத்து நாள் வேலியோரம் நின்று அதையே பார்த்த எங்களுக்கும் ஞாபகம் வரவில்லை. எதையெல்லாமோ கவனிக்கிற தெரு, அன்று அதைக் கவனிக்கவில்லை.

பழனி அடிவாரத்துக்கு உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். குருசாமி கால்கட்டை அவிழ்த்தார். சோல் இரண்டையும் துடைத்துத் தம் பையில் பத்திரமாக வைத்தார். பிறகு, கொடுமுடியில் தம் காலடியில் வைக்கப்பட்ட சொம்பை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் அம்மையாரின் கையில் கொடுத்தார். "உன்னுது. நீயே கொண்டு போம்மா" என்றார்.

அம்மையார் ஷூவைக் கழற்றினார். வலது பாதத்தின் அடியில் ரத்தம் காய்ந்தும் காயாமலும் இருந்தது. சோல் இல்லாத ஷூவின் அடித்தட்டிலிருந்து கிளம்பிய ஆணி ஒன்று இரண்டு விரல்களுக்குக் கீழே ஏறியிருந்தது. அந்தப் புளியமரத்தடியிலிருந்து அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறார். குப்பாயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மையார் ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சொம்பைத் தலையில் வைத்து, முதல் படியில் கால் வைத்தார்.

பங்குனி வெயிலில் காய்ந்த கல். முன்னே போனவர்கள் எல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் நின்றுவிட்டார். முகம் மாறியது.

"அக்கோவ்" என்றார். "சுடுதுங்க்கா."

யாருக்கும் விளங்கவில்லை.

"சுடுது! அய்யோ, சுடுதுங்க்கா!"

கொதிகஞ்சிக்குத் திரும்பிப் பாராதவர், மகனை எரித்த அன்றும் சத்தம் போட்டு அழாதவர், அந்த வெந்த கல்லின்மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, உரக்க அழுதார். நிழலுக்கு வாம்மா என்று இழுத்தவர்களின் கையை உதறினார்.

எட்டாம் படியில் அது போய்விட்டது. மீதிப் படிகளை முன்போலவே, தரை தெரியாமல்தான் ஏறினார். மேலே தரிசனமும் சரியாகக் கிடைக்கவில்லை. முன்னால் நின்ற ஒருவரின் தோள் மறைத்துக்கொண்டது. தீர்த்தத்தை வாங்கி ஆயிரம் பேர் தீர்த்தத்தோடு ஊற்றினார்கள். வைகாசியில் அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மருத்துவர், செத்த நரம்புக்குச் சூடு தெரிய வழியில்லை, ஏதோ பிரமை என்றார். இருக்கலாம். படித்தவர்.

அம்மையார் இப்போது முக்காலியில் உட்கார்ந்து அண்டா கழுவுகிறார். புது சோல் ஒரு ஜோடியைக் குருசாமியே ஈரோடு போய் வாங்கிவந்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, தம் கையாலேயே ஷூவுக்குள் வைத்துத் தடவிக் கொடுத்தார். மகன் திரும்பவில்லை, கால் திரும்பவில்லை. "ஒருக்கா சொன்னான்" என்கிறார் அம்மையார், கேட்டால் மட்டும். ஏழு படி தூரம் ஆண்டவன் தன்னைக் காட்டிக்கொண்ட அந்தப் பாதத்தில் இத்தனை நாள் வம்பு பேசிய வாயை வைத்து, எங்கள் தெரு வணங்குகிறது.